நான் கட்டிவிட்ட செருப்பு

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். அதில் இரண்டு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள் அல்ல, என் தங்கை விட்டுப் போனவர்கள். ஆனாலும் கேட்பவர்களுக்கு ஏழு என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. என் பெயரை எழுதுவேன். கோயில் பலகையில் பெருநாள் திகதி போட்டிருந்தால் எழுத்துக்கூட்டிப் பார்ப்பேன். ஆகவே நான் சொல்லச் சொல்ல இதை என் பேத்தி எழுதுகிறாள். அவள் எழுதத்தான் வேண்டும். பிழை விட்டவள் அவள்.

அவளுடைய பள்ளிக்கூடத்தில் பைசாந்தியர் என்ற சனத்தைப் பற்றி ஒப்படை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். கொன்ஸ்தாந்திநோபிள் என்ற நகரத்திலிருந்து ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆண்டவர்களாம். அவர்கள் உலகத்துக்கு விட்டுப்போனவை என்று சட்டம், வட்டக் கூரை வைத்த பெரிய கோயில், பொன் பூசிய பலகையில் எழுதும் படம் என்று வரிசையாக எழுதியிருக்கிறாள். கடைசியில் குருநகரில் எங்கள் கோயிலில் இருக்கும் சதா சகாய மாதா படத்தைக் கைபேசியில் எடுத்து ஒட்டியிருக்கிறாள். அதுவரை சரி. அந்தப் படம் அவர்களுடைய முறையில் எழுதியதுதான். ஆனால் அதன் கீழே ஒரு வரி: குழந்தை இயேசுவின் வலது காலில் உள்ள நீல வார், விண்ணையும் மண்ணையும் பிணைக்கும் பைசாந்திய அடையாளம்.

உனக்கு இதை யார் சொன்னது என்று கேட்டேன். கோயிலில் இளைஞர்களுக்கு வகுப்பு எடுக்கும் ஒரு தம்பி சொன்னாராம். எனக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"அது பைசாந்தியர் கட்டினதில்லை, மோனை," என்றேன். "அது நான் கட்டினது."

அப்போது எனக்கு எட்டு வயது. செபமாலை மாதமான ஒக்டோபரில் அந்தப் படம் வீடு வீடாகப் போகும். பொழுதுபடப் பாட்டோடு கொண்டுவந்து வைப்பார்கள். அந்த இரவும் அடுத்த நாள் பகலும் அந்த வீட்டில் இருக்கும். பிறகு அடுத்த வீடு. படம் இருக்கும் வீட்டில் மீன் காய்ச்சக் கூடாது. வலைகளையும் வேலிக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மீன் பிடித்துச் சாப்பிடும் சனங்கள் ஒரு நாள் மீன் வாசமே இல்லாமல் இருந்து காட்டுவதுதான் மரியாதை.

எங்கள் வீட்டுக்கு மட்டும் படம் வந்ததில்லை. ஒழுங்கையின் கடைசி வீடு, ஒழுகும் கூரை. கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் ஒவ்வொரு வருடமும் வாசலோடு நின்று மேலே பார்த்துவிட்டு, மாதாவை நனைய விடமுடியாது என்று சொல்லிப் போய்விடுவார்.  அன்று அம்மாவின் கறியில் உப்புக் கூடியிருக்கும். அந்த வருடம் அப்பா மாரிக்கு முன்பே தென்னோலையில் புதுக் கிடுகு பின்னி வேய்ந்தார். மூப்பருக்குச் சொல்ல வேறு சாட்டு இல்லாமல் போயிற்று. ஆனாலும் ஒன்று சொன்னார்.

"படத்துக் கண்ணாடி போன மாரியோடை உடைஞ்சு போச்சு. பலகை வெறும் பலகை. ஒரு கீறல் விழுந்தாலும் இனி உந்த வீட்டுப் பக்கம் படம் வராது, சொல்லிப்போட்டன்."

அம்மா தலையாட்டினார். இத்தனை வருடம் காத்திருந்தவர் எதற்குத்தான் தலையாட்ட மாட்டார்.

படம் வந்தது. முதல்தடவையாக அதைக் கிட்ட நின்று பார்த்தேன். பின்னால் முழுவதும் பொன். பக்கத்தில் விளங்காத எழுத்துகள். எனக்கு எல்லா எழுத்தும் அப்படித்தான் என்பதால் அது பெரிதாகப் படவில்லை. மேலே இரண்டு மூலையிலும் இறக்கை வைத்த இரண்டு சம்மனசுகள் கையில் என்னவோ வைத்திருந்தார்கள். மாதாவின் கையைக் குழந்தை தன் இரண்டு கையாலும் பிடித்திருந்தது. எனக்கு இரண்டு விடயம் பிடிக்கவில்லை. மாதா பிள்ளையைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றது, பிள்ளையின் ஒரு செருப்புக் கழன்று ஒற்றை வாரில் தொங்கியது.

அம்மாவின் தம்பி, எங்கள் அம்மான், வள்ளங்களுக்கு நிறம் அடித்துப் பெயர் எழுதுகிறவர். வாயில் பகிடியும் கேலியும் இல்லாமல் ஒரு சொல் வராது. செருப்பை அவருக்குக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"உதைத்தான் நானும் பாக்கிறன், பிள்ளை. போன வருசம் மேலை கிடந்தது. ஒவ்வொரு வீட்டிலையும் கொஞ்சம் கொஞ்சமாக் கழண்டு வருது. எங்கடை வீட்டிலை விழுந்துதெண்டால் மூப்பர் கொம்மாவைத்தான் பிடிப்பார்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இரவு இரண்டு தரம் எழும்பிப்போய், செருப்பு இன்னும் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா மாலை கட்டப் பூ வாங்கப் போனார். முற்றத்தில் அம்மானின் நீலப் பெயின்ற் திறந்தபடி இருந்தது. ஈர்க்கு ஒன்றை முறித்துத் தோய்த்தேன். நாங்கள் செருப்புப் போட்டு வளர்ந்தவர்கள் அல்ல. செருப்புக் கட்டும் விதம் எனக்குத் தெரியாது. வலை கட்டத் தெரியும். ஆகவே கணுக்காலைச் சுற்றி ஒரு கயிறு எழுதி, செருப்போடு சேர்த்து, வலைக்குப் போடும் முடிச்சாகவே போட்டேன்.  போட்டு முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, இனி ஏழு ஊர் சுற்றினாலும் விழாது என்று நெஞ்சு நிறைந்தது.

அம்மா வந்து பார்த்தார். பூ கையில் இருந்தபடியே இருந்தது. அம்மான் ஓடிவந்தார், பகிடி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. மண்ணெண்ணெயில் துணியைத் தோய்த்து ஓரத்தில் ஒருதரம் துடைத்தார். நீலத்தோடு சேர்ந்து ஒரு நகக்கண் அளவு பொன்னும் வந்தது.

"விடு," என்றார் அம்மா. "இனித் தொடாதை."

எனக்கு அடி விழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அம்மா மாலையைக் கட்டி, குழந்தையின் கால் மறைகிற மாதிரித் தொங்கவிட்டார். தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

பொழுதுபட மூப்பரும் சனமும் பாட்டோடு வந்தார்கள். மூப்பர் படத்தைத் தூக்கக் குனிந்த நேரம், அம்மா முன்னுக்கு வந்து தானாகவே மாலையைக் கழற்றினார். அம்மாவுக்கு என்ன விசரா என்று நினைத்தேன். மறைத்து அனுப்பினால் அடுத்த வீட்டுக்காரிமேல் பழி விழும் என்பது எனக்கு எங்கே விளங்கும்.

பாட்டு நின்றது.

"ஆர் உந்த வேலை பாத்தது?" மூப்பரின் குரலுக்குக் கிடுகே உதிரும்போல இருந்தது. அம்மான் கதவுக்குப் பின்னால் நின்றார். நான் ஓடிப்போய் அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான். விழப் பாத்தது, கட்டினனான்."

கூட்டத்தில் நின்ற ஒரு கிழவர், அறுபது வருடம் வலை இழுத்தவர், கிட்ட வந்து படத்தோடு மூக்கு முட்டப் பார்த்தார்.

"முடிச்செண்டால் இதுதான் முடிச்சு, மூப்பர். இழுத்தாலும் கழராது."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். மூப்பர் இன்னும் சிவந்துபோய், இந்த வீட்டுக்கு இனிப் படம் இல்லை என்று சொல்லி, பங்குச் சுவாமியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். அம்மா அசையவில்லை. மூப்பரைப் பார்த்தபடியே சொன்னார்.

"படத்தைக் கொண்டு போங்கோ. பிள்ளையை ஒண்டும் சொல்லாதேங்கோ."

சுவாமி உரோமையில் படித்த கிழவர். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இந்தப் படங்கள் பிறந்த நாட்டிலை, ஒரு காலம் அரசன்மாரே ஆள் விட்டு முகங்களைச் சுரண்டினவை. செருப்புக் கட்டிவிட ஒருத்தரும் வரேல்லை. இருக்கட்டும், மூப்பர். வாற வருசம் இந்த வீட்டிலைதான் தொடங்கவேணும்."

அப்படியே நடந்தது. ஒக்டோபர் பிறந்தால் முதல் வீடு எங்கள் வீடு. மூப்பரே தூக்கிவந்து வைப்பார், என்னை மட்டும் பார்க்க மாட்டார். கடலுக்குப் போகிறவர்கள் அந்த நீல முடிச்சைத் தொட்டுக் கும்பிடப் பழகினார்கள். நான் கல்யாணம் முடிக்கும் வயதில், அதை யார் போட்டது என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

பேத்தியின் புத்தகத்தில் இன்னும் சில விடயங்கள் இருக்கின்றன. படங்களை அழித்தவர்கள் அரசர்கள். திருப்பி வைத்தவர்கள் இரண்டு அரசிகளாம். அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நகரத்தைத் துருக்கியர் பிடித்த பிறகு படம் எழுதுகிறவர்கள் தீவுகளுக்குப் போய் அங்கே இருந்து எழுதினார்களாம். அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பற்றி எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. படத்தை எழுதியவன் தன் பெயரைப் போடுவது அரிதாம். அப்படியென்றால் நானும் அந்தக் கூட்டம்தான். ஆகவே ஒப்படையில் அந்த வரியை முழுதாக வெட்ட வேண்டாம், திருத்தினால் போதும் என்றேன்.

ஆனால் ஒன்றை நான் இந்தக் கிழமைதான் அறிந்தேன். அந்தச் செருப்பு ஏன் கழன்றது என்று புத்தகத்தில் இருக்கிறது. மேலே நிற்கும் சம்மனசுகள் கையில் சிலுவையும் ஈட்டியும் வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டு பிள்ளை பயந்து தாயிடம் ஓடிவந்தது. ஓடிய வேகத்தில் கழன்றது. எழுபத்துநாலு வருடம் அந்தக் காலையே பார்த்தேன். பிள்ளை எதைக் கண்டு ஓடியது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று எல்லோரும் போன பிறகு நான் இரண்டு நாள் அம்மாவோடு கோபம். அத்தனை பேருக்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, ஒருதரம் குனிந்து என்னைப் பார்த்தாரா என்று. அம்மாவின் கை குளிர்ந்து ஈரமாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு வந்த சண்டைக் காலத்தில் என் வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள், பிள்ளைகளைக் கேட்டு. பின்னால் என் கையைப் பிடித்திருந்தது ஏழில் எந்தப் பிள்ளை என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. வந்தவர்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுதிவிட்டாயா, மோனை? எங்கே, முதலிலிருந்து வாசி பாப்பம். அம்மா மாலையைக் கழற்றின இடத்திலை மட்டும் ஆறுதலா, மெல்ல வாசி.