மருமகளின் கை

என் மருமகள் ஓடிப்போய்விட்டாள் என்கிறார்கள். ஓடுகிறவள் காலை எட்டரை மணி வெயிலில், முன்வாசல் வழியாக, ஷூ லேஸுக்கு இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டா போவாள்? மாடி வீட்டுக்காரியிடம் இதைத்தான் கேட்டேன். துணி உலர்த்துகிற சாக்கில் எங்கள் வாசலைப் பார்த்தே நாளைக் கழிக்கிறவள் அவள்.

"நான் ஒண்ணும் சொல்லலை பெரியம்மா, ஊர்ல பேசிக்கறாங்க" என்றாள்.

ஊர் என்றால் யார்? அவள், அவள் தங்கை, முனைக்கடைக்காரர். மூன்று பேர் சேர்ந்தால் ஊராகிவிடுகிறது. வேலை போன அவமானத்தில் போய்விட்டாள் என்று ஒரு கதை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கையால் பீ அள்ள வைத்தாள், பெற்றவர்கள் அடிக்க வந்தார்கள் என்று இன்னொரு கதை. மாமியார் படுத்திய பாடு என்று மூன்றாவது. அந்த மூன்றாவதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் அவர்கள் நினைக்கிற மாதிரி இல்லை. எல்லாவற்றையும் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

என் மருமகள் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயரே விசில்தான். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே சமையலறைக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நகவெட்டியை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவள் நகம், என் நகம், என் மகன் நகம் எல்லாம் வெட்டியாக வேண்டும். வெளியே போய் வந்தால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். ஆபரேஷன் செய்கிற டாக்டர்கூட இப்படிக் கழுவமாட்டார் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போய் நாற்பது நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தேன். நான் பெற்ற மகள் இரண்டு தடவை வந்தாள், இரண்டு தடவையும் ஜன்னலோரமாகவே நின்றுவிட்டுப் போனாள். மகன் கதவருகில் நின்று எப்படி இருக்கிறது என்று கேட்பான், பதில் சொல்வதற்குள் நகர்ந்துவிடுவான். பெட்பேன் வைத்ததும் எடுத்ததும் துடைத்ததும் விசில்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டால், எந்தப் பையன் ஓட்டப் பந்தயத்தில் எதிர்த்திசையில் ஓடினான் என்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை எட்டாம் வகுப்பை மலையடிவாரத்து முகாமுக்கு அழைத்துப் போவார்கள். ஓர் இரவு தங்கல். கூடாரம் அடிப்பது, திசைகாட்டி பார்ப்பது, பறவை பார்ப்பது. அதுவும் ஒரு பாடமாம். இந்த வருஷம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பார்த்துக்கொள்ள இரண்டே பேர், இவளும் அறிவியல் சாரும். என் மகளின் மகளும் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள், அங்கே நடந்ததையெல்லாம் அவள்தான் எனக்கு ஒன்று விடாமல் சொன்னாள்.

முகாமில் கழிவறை நான்கு. பிள்ளைகளைப் பெற்ற மகராசிகள் ஆளுக்கு மூன்று பொட்டலம் ஈரத்தாள் பையில் திணித்து அனுப்பியிருக்கிறார்கள், முகம் துடைக்க வாசனையாக விற்கிறதே, அதை. துடைத்ததையெல்லாம் பிள்ளைகள் கழிவறைக்குள் போட்டுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். மாலை விளையாட்டு முடிவதற்குள் நான்கும் அடைத்துத் தரைக்கு வழிந்துவிட்டது. அறிவியல் சார் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார். ஊர் திரும்புகிற வரை அதை அவிழ்க்கவில்லையாம். கிருமியைப் பற்றிப் பலகையில் படம் வரைந்து நடத்துகிறவர் அவர்.

விசில்தான் மாற்று ஏற்பாடு செய்தாள். முகாமுக்குப் பக்கத்து ஓடையை விட்டு நூறடி தள்ளி, மேட்டுக்குப் பின்னால் கயிறு கட்டி, தார்ப்பாயால் மறைத்து, ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், பெண் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் பிரித்தாள். முகாம் காவலாளியிடம் செடி நடுகிற சின்ன மண்வாரி பத்துப் பன்னிரண்டு வாங்கி வைத்தாள். ஒரு சாண் ஆழம் தோண்டு, காரியம் முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடு, மேலே ஒரு குச்சியை நட்டுவிட்டு வா என்று சொல்லி, தானே ஒரு குழி தோண்டிக் காட்டினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மிஸ், பூனை மாதிரியா?" என்றானாம் ஒருவன்.

"பூனைக்கு இருக்கற புத்தி உனக்கு இருக்கான்னு காலைல பாக்கலாம்" என்றாளாம்.

இல்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் மேட்டுக்குப் பின்னால் இரண்டே குச்சி நட்டிருந்தது. மற்ற மண்வாரிகள் மண்ணே படாமல் பளபளவென்று கிடந்தன. மேடு ஏறச் சோம்பல், மண்ணைத் தொட அருவருப்பு. மற்ற அத்தனை பிள்ளைகளும் ஓடைக்கரையிலேயே, கல்லுக்குக் கல், முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். கரை முழுக்க அது. புதரெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஈரத்தாள். சொல்லும்போதே வயிற்றைப் புரட்டுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இதை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் மீதிக் கதையைச் சொல்கிறார்கள்.

அந்த நேரத்தில் முகாம் காவலாளியின் பெண்சாதி குடத்தோடு வந்தாள். அந்த ஓடைத் தண்ணீர்தான் அவர்கள் குடிப்பது. கரையைப் பார்த்தாள், ஓடையைப் பார்த்தாள், காலிக் குடத்தோடு திரும்பிப் போய்விட்டாள். அந்த அம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தால் மிஸ் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்களோ என்னவோ, திட்டாமல் போனதும்தான் மிஸ் முகம் மாறிவிட்டது என்றாள் பேத்தி.

விசிலை ஊதி எல்லோரையும் கரையில் வரிசையாக நிறுத்தினாள்.

"இது யாரோடதுன்னு நான் கேக்க மாட்டேன். இது சுத்தமான பிறகுதான் பஸ் கிளம்பும்."

அவள் சொன்னது அவ்வளவுதான். காவலாளியிடம் பெரிய மண்வெட்டி நான்கு வாங்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். பிள்ளைகள் மண்வெட்டியால்தான் அள்ளினார்கள், குழியில் கொட்டி மூடினார்கள். கையால் தொட வைத்தாள் என்பது பச்சைப் பொய். கையால் தொட்டது ஒரே ஆள். தண்ணீர் ஓரத்துக் கல் இடுக்கில் மண்வெட்டி நுழையவில்லை. பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொண்டு எடுத்தாள், பை கிழிந்துவிட்டது, வெறுங்கையை விட்டு எடுத்தாள். அதைப் பார்த்த என் பேத்தி அங்கேயே வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து அவளும் ஒரு மண்வெட்டியைப் பிடித்தாள்.

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அறிவியல் சார் அவ்வளவு நேரமும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்காரவில்லை, ஜன்னல் வழியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என் மருமகள் குனிந்து ஓடைக் கல் இடுக்கில் கையை விட்டிருக்கிற படம். பஸ் ஊருக்குள் வருவதற்கு முன்னால் எல்லோர் போனுக்கும் படம் வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரி அன்று சாயங்காலம் படியில் இவளைப் பார்த்ததும் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

பெற்றவர்கள் பள்ளிக்கூட வாசலில் கூடிவிட்டார்கள். எங்கள் பிள்ளை செய்கிற வேலையா இது என்று சத்தம். தலைமை ஆசிரியை இவளை இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லி, பெற்றோர் கூட்டத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார். நானும்தான் சொன்னேன், ஒரு வார்த்தைதானே, கேட்டுத் தொலை என்று. கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் பிள்ளை செய்கிற வேலையா என்கிறீர்களே, அங்கே கிடந்தது யார் பிள்ளையுடையது என்று சொல்லுங்கள், அவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாளாம். ஒவ்வொரு தாயும் பக்கத்தில் இருந்த தாயைப் பார்த்தாளாம். அதோடு கூட்டம் கலைந்தது, மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷ முகாமுக்கும் அவள் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், வேறு யார் போவார்கள்? வேலை போனது என்கிறவர்கள் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

வெளியில் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டில்தான் முடியவில்லை.

என் மகன் குளியலறைச் சாமான் விற்கிற பெரிய கடையில் மேலாளர். டைல்ஸ், குழாய், கழிவறைப் பீங்கான். வருகிறவர்களைப் பீங்கானில் உட்காரச் சொல்லி, வசதியாக இருக்கிறதா சார் என்று நாள் முழுக்கக் கேட்கிற பிழைப்பு. அந்தப் படம் அவன் கடைக்கும் போயிருக்கிறது. உங்கள் வீட்டம்மாவை ஒரு நாள் அனுப்புங்கள், டெமோ காட்டட்டும் என்று கூட இருக்கிறவர்கள் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவன் முதலில் தன் சோப்பைத் தனியாக எடுத்து வைத்தான். பிறகு துண்டை. தட்டை வைத்த அவள் கையைப் பார்த்தான், வயிறு சரியில்லை என்று எழுந்து போனான். அதற்கப்புறம் மூன்று நாள் வெளியிலிருந்து பொட்டலம் வாங்கி வந்து, கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றான்.

நான் விடவில்லை.

"நாப்பது நாள் என் மூத்திரமும் பீயும் அள்ளின கைடா அது. அப்ப மட்டும் அந்தக் கைச்சோறு உனக்கு இறங்குச்சா?"

"அது வேற. அது வீட்டுக்குள்ள" என்றான்.

அப்போதுதான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். கடைச் சோறு தின்று பிள்ளைக்கு வயிறு கெட்டுவிடுமே என்று என் பெற்ற மனசு அடித்துக்கொண்டது. இன்றைக்கு நான்தான் சமைத்தேன், வா என்று கூப்பிட்டேன். சமைத்தது அவள். இடுப்பு விட்டுப்போனதிலிருந்து அடுப்படியில் பத்து நிமிஷம் என்னால் நிற்க முடியாது, அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் நம்பினான், நம்பினால்தானே சாப்பிட முடியும். அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் உள்ளறைக்குப் போய்விடுவாள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்பு முன்னால் போய் நிற்பேன். இப்படிப் பதினோரு நாள் நாடகம் போட்டோம். ஒரு நாள், உன் கைப்பக்குவமே தனி அம்மா என்று சொல்லி மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டான். அவன் எழுந்து போனதும் அவள் வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நானும் சிரித்தேன். என்ன சாமர்த்தியம் எனக்கு என்று நினைத்துக்கொண்டேன். அன்று அவள் பாத்திரம் கழுவ வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மறுபடி வேலைக்குப் போன வெள்ளிக்கிழமை அவள் முகம் தெளிவாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, இனி வீட்டிலும் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பாள். ஒளியவில்லை. தானே கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து அவன் தட்டுக்கு நேராகக் குனிந்தாள். அவன் தட்டின் மேல் கையை வைத்து மூடினான்.

"அம்மா போடட்டும்."

அவள் நிமிர்ந்தாள்.

"பதினோரு நாளா நீங்க சாப்பிட்டது யாரு சமைச்சதுன்னு நினைச்சீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். வாயால் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வேன், முகத்துக்குத்தான் வராது. எழுந்தான், கை கழுவுகிற தொட்டிக்குப் போனான், இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டான். வீடு முழுக்க அந்தச் சத்தம். அன்று அவன் வயிற்றில் ஒன்றும் இல்லை, வெறும் எச்சில்தான் வந்தது. விடாமல் மறுபடி மறுபடி விரலை விட்டான். பதினோரு நாளாகச் செரித்துப்போன சோற்றை எங்கிருந்து எடுப்பான்? ஓடைக்கரையைச் சொன்னபோது வயிற்றைப் புரட்டுகிறது என்றேன். இதற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. நான் பெற்ற பிள்ளை, அவன் குனிந்திருந்த முதுகைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

அவள் அந்தச் சத்தம் ஓயும் வரை கரண்டியோடு நின்றாள். பிறகு அதைப் பாத்திரத்தில் வைத்து மூடினாள்.

"இனிமே எனக்காகப் பொய் சொல்லாதீங்க அத்தை."

தப்பு என்னுடையதுதான் என்றேன். நானும்தானே கூட இருந்தேன் என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இசை டீச்சர் தனியாக இருக்கிறாள், அவளோடு போய் இருக்கப் போகிறேன் என்று அன்று படுக்கப் போகும் முன் சொன்னாள். நான் தடுக்கவில்லை. என்னையும் கூப்பிட்டாள். ஒற்றை அறைக்குள் என் கட்டிலைப் போட்டால் நீங்கள் இரண்டு பேரும் சுவரில்தான் தொங்க வேண்டும் என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை சமைத்தாள். இரண்டு தட்டு வைத்தாள். அவள் போட்டாள், நான் சாப்பிட்டேன். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள், என் மாத்திரைகளைக் காலைக்கு, மாலைக்கு என்று பிரித்து வைத்தாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். என் மகன் பல் தேய்த்துக்கொண்டே குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். வாய் நிறைய நுரை. பையைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டான்.

"நான் போறேன். ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள்.

அவன் பிரஷ்ஷோடு கையை ஆட்டினான். இரு என்கிறானா, போ என்கிறானா, எனக்குத் தெரியவில்லை. துப்பிவிட்டு வந்து பேசுவான் என்று அவள் நின்றாள். தொட்டி எட்டடி தூரத்தில்தான் இருந்தது. அவன் நகரவில்லை, மோவாயில் நுரை வழிய அப்படியே நின்றான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தாழ்ப்பாளைத் திறந்தாள். படி இறங்கிப் போனாள்.