நாற்பத்தெட்டில் முடிகிற நம்பர்

முத்துலட்சுமிக்கு யாரையும் லேசில் மதிக்கத் தெரியாது. பதினேழு வருஷமாகக் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவள். எத்தனையோ கங்காணிகளைப் பார்த்தாயிற்று. விஷயம் தெரியாதவன்தான் அதிகமாக அதட்டுவான் என்பது அவள் கண்டறிந்த உண்மை.

அதனால்தான் ஆன்லைன் சென்டர் சங்கரலிங்கத்தை அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்காமல் போனது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர் வைத்திருந்தார். வாசலில் ‘உயர்கல்வி வழிகாட்டி’ என்று போர்டு. போர்டில் கோட்டுப் போட்ட அவர் படம், கீழே போன் நம்பர். சித்திரை வெயிலில் கோட்டு மாட்டிப் படம் பிடிக்கிற ஆளுக்குப் புத்தி எவ்வளவு இருக்கும் என்று முத்துலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் சுருளிவேல் அப்படி இல்லை. வாழைக்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறவர். வெள்ளைச் சட்டையைக் கண்டாலே துண்டு தோளிலிருந்து இறங்கிவிடும்.

“அவரு படிச்ச மனுசன்டி. காலேஜுகள்ல அவரைக் கண்டா எந்திரிச்சு நிக்கிறாகளாம்.”

“நிக்கிறவுக எல்லாம் மரியாதைக்கா நிக்கிறாக? பஸ்ஸுல எடமில்லேன்னாலும்தான் நிக்கிறாக.”

மகள் சிம்ரன் பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். அரசுக் கலைக்கல்லூரியில் கணக்குப் படிக்க ஆசை. விண்ணப்பம் ஆன்லைனில்தான் என்றதும் சுருளிவேல் மகளையும் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு சங்கரலிங்கத்திடம் போனார். அவர் மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டைப் அடித்தார்.

“சார், எங்க போன் நம்பரு சொல்லட்டுமா?” என்று சிம்ரன் கேட்டாள்.

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் பாப்பா. ஒங்கம்மா மலைக்குப் போனா டவரே கெடைக்காது. ஓ.டி.பி. வந்தா யாரு பாக்குறது?”

பத்து நிமிஷத்தில் முடிந்தது என்றார். விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னதற்கு, சர்வர் டவுன், நாளைக்கு வாங்க என்றார். மறுநாளும் அதே பதில். ஒரு வாரம் ஓடிப்போனது. நாலாம் தடவை போனபோது வழவழப்பான கலர் நோட்டீஸ் ஒன்றைச் சுருளிவேலின் கையில் கொடுத்தார். ஏதோ ஒரு தனியார் கல்லூரி.

“அரசு காலேஜ் சீட்டு குதிரைக்கொம்பு. இங்கன சேத்துட்டா கவலையில்ல. பஸ்ஸு ஒங்க தெருவுக்கே வரும்.”

அந்தப் பஸ்ஸில் சுருளிவேல் மனசால் அப்போதே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சிம்ரனுக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் சாயங்காலம் போனில் அந்த இணையதளத்தைத் திறந்தாள். பாஸ்வேர்ட் கேட்டது. மறந்துவிட்டது என்பதை அமுக்கினாள். நாற்பத்தெட்டில் முடிகிற நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருப்பதாக எழுத்து வந்தது.

“நம்ம நம்பரு பதினாறுலதான முடியுது?” என்றாள் முத்துலட்சுமி. ஏலக்காய்க் கறை போகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். தினமும் ஜீப்பிலிருந்து பார்க்கிற போர்டுதானே. நாற்பத்தெட்டு யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

விண்ணப்பிக்க இன்னும் ரெண்டு நாள்தான் இருந்தது. காலையில் ஜீப் ஏறுகிற இடத்தில், கூட வேலை பார்க்கிற பஞ்சம்மாளிடம் சொன்னாள். பஞ்சம்மாளின் மகளுக்கும் அதே சென்டர், அதே சர்வர், அதே கலர் நோட்டீஸ். ரெண்டு பேரும் அன்றைக்குத் தோட்டத்துக்குப் போகவில்லை. மகள்களைக் கூட்டிக்கொண்டு சென்டர் திறக்கிற நேரத்துக்குப் போய் நின்றார்கள்.

சங்கரலிங்கம் சிரித்தார். “இது டெக்னிக்கல் விஷயம்மா. ஒங்களுக்குப் புரியாது.”

“புரியலதான் சார். அதான் கேக்க வந்தோம். எம்மக இப்ப போன்ல பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு அமுக்குவா. எங்கன சத்தம் வருதுன்னு மட்டும் பாப்போம்.”

சிம்ரன் அமுக்கினாள். மேசை மேலிருந்த சங்கரலிங்கத்தின் போன் ‘டிங்’ என்றது. அவர் அதன்மேல் கையை வைத்து மூடினார்.

“கைய எடுத்துட்டு, அதுல இருக்குற ஆறு நம்பர வாசிங்க” என்றாள் முத்துலட்சுமி.

வாசித்தார். வாய்ப்பாடு மறந்த பிள்ளை மாதிரி ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். பக்கம் திறந்தது. சிம்ரன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. அதற்குக் கீழே எல்லாம் வெறுமை. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், ஒன்றுமே போடவில்லை. பஞ்சம்மாளின் மகளுடையதும் அதே கதி.

“சர்வர் ஒரு வாரமா...” என்று ஆரம்பித்தார்.

“மலையில மரஞ்சாஞ்சு ரோடு அடைச்சாக்கூட மறுநாள் தொறந்துருது சார். ஒங்க சர்வரு ஒரு வாரமா படுத்தே கெடக்கு. ஒடம்புக்கு என்ன?”

சிம்ரன் முதல் வேலையாக அவர் நம்பரை எடுத்துவிட்டுத் தங்கள் நம்பரைப் போட்டாள், புதுப் பாஸ்வேர்ட் வைத்தாள். பிறகு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். சான்றிதழ் பைல் பெரிதாக இருக்கிறது என்று தளம் ரெண்டு தடவை திருப்பியடித்தது. சங்கரலிங்கம் மறுபடி ஸ்கேன் பண்ணிக் கொடுத்தார். அந்த மனுஷனுக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை அதுதான் என்று முத்துலட்சுமிக்குப் பட்டது. மத்தியானத்துக்குள் ரெண்டு பேர் விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. பிரிண்ட்டை வாங்கி, பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முத்துலட்சுமி எழுந்தாள்.

வெளியே வந்ததும் பஞ்சம்மாள், “நல்லாக் கேட்ட ஆத்தா” என்றாள். முத்துலட்சுமிக்கு அதில் பெருமை வரவில்லை. நாலு தடவை அந்தக் கடைக்குப் போய், அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தவள் தானும்தானே என்று எரிச்சலாக இருந்தது. ஊரையே எடைபோடுகிறவள், பெற்ற மகளின் சான்றிதழை ரெண்டு கையாலும் நீட்டிவிட்டு நின்றிருக்கிறாள்.

கலந்தாய்வில் சிம்ரனின் முறை வருவதற்குள் கணக்கு நிரம்பிவிட்டது. இயற்பியல் கிடைத்தது. முதல் நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனவள், ஒரு மாசத்தில் லேப் கதையாகச் சொல்ல ஆரம்பித்தாள். பஞ்சம்மாளின் மகளுக்கு வணிகவியல்.

சேர்க்கை முடிந்து வந்த அன்று சுருளிவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “என்ன இருந்தாலும் பேரு, தேதியெல்லாம் அவருதான போட்டாரு. பாதி வேலை அவருது.”

முத்துலட்சுமி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குழம்புச் சட்டியை அவர் பக்கமிருந்து நகர்த்தி மகள் பக்கம் வைத்தாள்.