அக்காவின் புதுப் படம்

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. எழுத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி கொஞ்சம் நிதானம். ஆனாலும் பயிற்சி மையத்தில் எல்லோரும் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் முதல் ஆளாக வந்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஸ்விட்ச் போட்டுவிட்டு, தாமதமாக வருகிறவர்களை முறைப்பார். சும்மா சொல்லக்கூடாது, பட்டத்துக்கேற்ற முறைப்பு.

படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே அங்கே ஒரு மென்பொருள் உண்டு. திரையில் ஆறே ஆறு பெரிய படங்கள். ரேடியோ படத்தைத் தொட்டால் பாட்டு. அக்கா முகத்தைத் தொட்டால் அக்காவுக்குப் போன் போகும். குரல் மட்டும்தான், ஆளைப் பார்க்க முடியாது. கண்டவர்களும் தொந்தரவு செய்யக்கூடாதென்று வெளியிலிருந்து வரும் அழைப்புகளுக்குப் பூட்டு. அம்மா போன பிறகு மேனேஜருக்கு மிஞ்சிய சொந்தம் அந்த ஒரு படம்தான். அக்கா வெளியூரில், நேரில் வந்து ஆறு வருஷம் ஆயிற்று. சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் தொடுவார், அவள் எடுப்பாள். அந்தப் பத்து நிமிஷத்தை நம்பித்தான் அவருக்கு வாரமே ஓடியது.

போன மாதம் டீச்சர் எல்லோருடைய சொந்தக்காரர்களிடமும் புதுப் படம் வாங்கித் திரையில் மாற்றினார். அதற்கப்புறம் மேனேஜர் சனிக்கிழமை தலைவாரி வந்து உட்காருவார், திரையைப் பார்ப்பார், கையை மடியிலேயே வைத்துக்கொள்வார், பத்தரைக்கு எழுந்து போவார். சாப்பாடும் பாதியாகக் குறைந்தது. ஏதோ வீம்பு, தானே சரியாகும் என்று டீச்சர் விட்டுவிட்டார். கூடப் பத்துப் பேர் இருந்தும் அந்த மனிதர் அநாதையாகிப்போனது யாருக்கும் உறைக்கவில்லை.

மூன்று வாரம் தயங்கிவிட்டு, நாலாம் சனிக்கிழமை அக்கா ஆபீஸ் போனில் டீச்சரைப் பிடித்தாள்.

"என் மேல கோவமா டீச்சர்? வந்து பாக்கலன்னு வெறுத்துட்டானா?"

டீச்சர் போனை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஏன் மேனேஜர் சார், அக்காகிட்ட பேசலியா?"

"அக்கா படத்தக் காணோமே."

"இதோ இருக்காங்களே!"

மேனேஜர் முறைத்தார். "இது யாரோ. தெரியாதவங்க படத்தத் தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னது டீச்சரேதான், முதல் நாள் பாடமே அது. திரையில், நரைத்த முடியைக் கத்தரித்துக்கொண்டு, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். பழைய படத்தில் இருந்தவளுக்குக் கறுகறுவென்று நீளப் பின்னல். டீச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. பழையதைத் தேடி எடுத்து அதே இடத்தில் வைத்தார்.

மேனேஜர் தொட்டார். ஒரே மணியில் அக்கா எடுத்தாள்.

"தம்பி!"

"எங்கக்கா போயிட்ட? உன் இடத்துல யாரோ ஒரு அம்மா இருந்தாங்க. நான் பேசல." கொஞ்சம் யோசித்தார். "பாவம்க்கா அவங்க. மூணு வாரமா என்னையே பாத்துட்டு இருந்தாங்க. அவங்களுக்கும் யாரும் போன் பண்ணல போல."

லைன் போய்விட்டதோ என்று மேனேஜர் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார்.