பின் கேட் வழி

டில்லி மயூர் விஹாரில் எங்கள் ஃபிளாட்டுகளுக்கு அப்பா செக்ரட்டரியானது, கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதால்தான். நேரத்தோடு வந்தவர்கள், வராதவர் பெயரை ஒருமனதாக முன்மொழிந்துவிட்டுச் சமோசாவையும் தின்று முடித்திருந்தார்கள். "தலைவலியைத் தாம்பாளத்துல வச்சு நீட்டியிருக்காங்க, நீங்களும் ரெண்டு கையாலயும் வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் அம்மா.

முதல் வேலையே வில்லங்கம். காவலுக்கு ஏஜென்சியை அமர்த்த கமிட்டி முடிவெடுத்தது. அப்படியென்றால், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சௌகிதார் பையாவை அனுப்பியாக வேண்டும். அவர் செய்த வேலைகளில் காவல்தான் கடைசி. தண்ணீர் மோட்டார் போடுவார். பாதி வீட்டுச் சாவி அவரிடம் இருக்கும். மோட்டார் ரூமை ஒட்டிய அறையில்தான் குடியிருந்தார். அம்மாவுக்காகவே ஒரு தமிழ் வாக்கியம் கற்றிருந்தார்: "பாபிஜி, தண்ணி போயிடும், ஜல்தி!"

அவர்மேல் இருந்த ஒரே புகார் மூன்றாம் மாடி அங்கிளுடையது. தம் கார் உள்ளே வரும்போது பையா எழுந்து நிற்பதில்லையாம்.

விஷயத்தைச் சொல்ல வேண்டியவர் செக்ரட்டரி. அப்பா கண்ணாடிமுன் நின்று இந்தியில் ஒத்திகை பார்ப்பார், கீழே போவார், பையா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவார்.

"சொல்லிட்டீங்களா?"

"அவர் பொண்ணு பாஸாயிட்டாளாம். வாயில லட்டை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

"நீங்க வாயைத் திறக்கறதுக்குள்ள அவர் ரிட்டயரே ஆயிடுவார்."

கடைசியில் அப்பாவுக்கு ஒரு வழி தோன்றியது. ஏஜென்சிக்காரரை வீட்டுக்கு வரவழைத்து, அடையும் காபியும் கொடுத்து, பையாவையே அவர்கள் ஆளாக எடுத்துக்கொள்ளவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். "நோ பிராப்ளம், சார்ஜி" என்றார் அவர். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட தெம்பில் அப்பா அன்று இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

முதல் தேதி காலை. சௌகிதார் பையா நீலச் சட்டை, தொப்பி, விசிலோடு நின்றார். நின்றார் என்றால், நின்றுகொண்டே இருந்தார். டியூட்டியில் உட்காரக் கூடாது என்று நாற்காலியை எடுத்துவிட்டார்கள். சாவி வாங்கி வைக்கக் கூடாது. அறை இப்போது ஏஜென்சியின் ஸ்டோர். இனி அவர் எங்கிருந்தோ பஸ் பிடித்து வரவேண்டும்.

ஆபீசுக்குக் கிளம்பிய அப்பாவைக் கண்டதும் குதிகாலைச் சேர்த்து ஒரு சல்யூட். அதுவரை அண்ணன் முறை வைத்து 'பாய்சாப்' என்று கூப்பிட்டவர், "குட் மார்னிங், சார்" என்றார்.

"அரே பையா, நமக்குள்ள என்ன இதெல்லாம்?"

"ட்யூட்டி ஹை, சார்."

பின்னாலேயே மூன்றாம் மாடி அங்கிளின் கார் வந்தது. அதற்கும் அதே சல்யூட்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பையாவுக்குப் போலீஸ் உத்தியோகம் கிடைத்துவிட்டது, அதையும் எங்கள் அப்பாதான் வாங்கிக் கொடுத்தார் என்று ஸ்கூல் பஸ் முழுக்கச் சொல்லிவைத்தேன்.

மறுநாளிலிருந்து அப்பா குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் பின் கேட் வழியாகப் போய், ஒரு ஸ்டாப் தள்ளி பஸ் ஏற ஆரம்பித்தார். கேட்டால், நடப்பது உடம்புக்கு நல்லது என்றார். அதை நான் நம்பினேன். முன் கேட்டில் சும்மா கிடைக்கிற சல்யூட்டை அப்பா ஏன் தினமும் வீணாக்குகிறார் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கவில்லை.