ஃபோன் ஓய்ந்த பிறகு

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சுஷ்மாவின் பொறுப்பு. மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடிய காலத்தில் அவளுக்குச் சாப்பிடவும் நேரமிருக்காது. "மேடம், ஹேங் ஆயிருச்சு" என்று பில்லிங்கில் கூப்பிடுவார்கள். அதைச் சரிசெய்வதற்குள் ஃபார்மஸியில் கூப்பிடுவார்கள்.

அப்படியொரு மதியம் ரத்தப் பரிசோதனைக்கூடத்துக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. விபத்தில் அடிபட்டு வந்த வெள்ளைத்துரையின் ரிப்போர்ட் அதற்குள் மாட்டிக்கொண்டது. சுஷ்மா போராடிக்கொண்டிருந்தபோது, அவனுடைய அம்மா, திருவாதவூர் பாண்டீஸ்வரி, கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"இன்னும் எம்புட்டு நேரம் ஆகும் தாயி?"

"இந்தா, வந்துரும்மா" என்றாள் சுஷ்மா, திரையிலிருந்து திரும்பாமலே.

ரிப்போர்ட் வந்தது. மகன் அன்று மாலை இறந்துபோனான்.

சில மாதங்களில் நிர்வாகம் எல்லாவற்றிலும் புதுச் சிஸ்டம் போடச் சொன்னது. அப்டேட்கள் தாமாக இறங்கின. எங்கே கோளாறு வரப்போகிறது என்று சுஷ்மாவின் திரையிலேயே முன்கூட்டித் தெரிந்தது. ஃபோன் ஓய்ந்தது.

"புதுசு போட்டதுல உங்களுக்கு வேலை குறைஞ்சிருக்காம்மா?" என்று மேனேஜர் பாலசுந்தரம் கேட்டார்.

"பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு சார்."

உண்மைதான். ஆனால் சும்மா உட்கார்ந்ததும் முதுகுக்குப் பின்னால் பாண்டீஸ்வரி நிற்பதுபோல் இருந்தது. திரும்பினால் யாருமில்லை. எழுந்து பரிசோதனைக்கூடத்துக்குப் போய், "எதுவும் ஹேங் ஆகலயே?" என்று கேட்பாள். அங்கிருந்த டாக்டர் மாதங்கிக்குப் புரிந்தது.

"அந்த லேட்டால அவன் சாகல, சுஷ்மா. ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமலே ரத்தம் ஏத்திட்டோம். உள்காயம் அப்படி."

சுஷ்மா தலையாட்டினாள். மறுநாளும் போய் நின்றாள்.

பிறகு ஒருநாள் பாண்டீஸ்வரியே காய்ச்சலுக்குக் காட்ட வந்தாள். கவுன்ட்டரில் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சீட்டு வந்தது. "இம்புட்டுச் சுருக்கா வந்துருச்சே!" என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பக்கம் வந்த சுஷ்மா அவளை அடையாளம் கண்டுகொண்டாள். பாண்டீஸ்வரி உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அன்னைக்கு லேபுல கம்ப்யூட்டரப் பாத்தது நாந்தாம்மா."

பாண்டீஸ்வரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மொகம் தெரியல தாயி. முதுகத்தான பாத்துக்கிட்டு நின்னேன்."

அதில் கோபம் இருந்ததா என்று தெரிவதற்குள் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். பாண்டீஸ்வரி எழுந்து போனாள்.

மறுநாள் சுஷ்மா தன் மேசையை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். யாரும் வராதபோதும் அடிக்கடி நிமிர்ந்து பார்க்கிறாள்.