பின்விளக்குக்குள் பெய்த மழை

வண்டி மின்வேலை என்பது, எல்லாரும் முன்னால் பார்த்து ஓட்டுகிற வாகனத்துக்குப் பின்னால் போய்க் குந்தியிருக்கிற தொழில். இலங்கையில், பலாங்கொடை பஸார் முனையில், ஒரு கராஜை ஒட்டிய தகரக் கொட்டகையில் எழுபதுகளில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரன் யாரானாலும் சிங்களவர், தமிழர் எல்லாருக்கும் அவன் 'பாஸ்'தான். எனக்கும் அதே பெயர். என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கடைக்கு வழிகாட்ட ஆள் கிடைக்காது.

மழை தொடங்கினால் என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்குப் பின்விளக்கில்தான் வியாதி. வெளிநாட்டுச் சாமான் வராமல் நின்றுபோயிருந்த காலம் அது. புதுச் சிவப்புக் கண்ணாடி கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். பழையதையே கழற்றித் துடைத்து, துருவைச் சுரண்டி, சைக்கிள் டியூபில் வளையம் வெட்டிப் போட்டு மாட்ட வேண்டும். வெயிலில் காயவைக்கலாம் என்றால் வெயிலுக்கு எங்கே போவது? இந்த மலைகளில் வண்டி வைத்திருந்தவர்கள், கண்ணாடிக்குள் வியர்த்து மங்கிக் கிடக்கும் அந்தச் சிவப்பைப் பார்த்து ஒருநாளாவது வண்டியை ஓரங்கட்டியிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிளாக்கர் ஐயாவின் கார்

மேல்மலைத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கரிடம் ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருந்தது. ஐப்பசி அடைமழையில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்விளக்கில் பல்பின் கழுத்துவரை தண்ணீர். திருகாணியைத் தளர்த்தியதும் அத்தனையும் என் மடியில் கொட்டியது. ஐயா குடையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சமயம் அவருடைய தோட்டத்தில் மண் சரிந்து குழாய் உடைந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் வெறுங்குடத்தோடு ஆபீஸ் வாசலுக்கு வந்து சத்தம்போட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. என் நனைந்த சாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நம்ம தோட்டத்துல தண்ணி போகாத எடமே இல்ல பாஸ், பைப்பத் தவிர."

ரப்பர் பால் வைத்தியம்

ருவான்வெல்லைப் பக்கம் வாடகை வேன் ஓட்டிய சூசை, ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அங்கே கூரை ஒழுகினாலும் வாளி ஒழுகினாலும் ரப்பர் பால்தான் மருந்து. வேனின் பின்விளக்கைச் சுற்றியும் பாலைப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, தோல் போர்த்தியதுபோல் மூடிவிட்டிருந்தார். அப்படியும் உள்ளே ஒரே நீராவி. பல்பு எரிவதே தெரியவில்லை.

விளக்கின் அடி விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். எப்படி அடைத்தாலும் ஈரம் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். பல்பின் சூட்டில் அது ஆவியாகி, ஆறியதும் நீராகி, அந்த ஓட்டை வழியாக வடிந்துவிட வேண்டும். சூசை அதையும் சேர்த்து அடைத்திருந்தார். ரப்பர் தோலை உரித்து ஊசியால் குத்திக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "வெளக்கு செஞ்சவன் ஓட்டையத் தெரிஞ்சேதான் போட்டானா? நான் அவனுக்காக வெக்கப்பட்டுல்ல அடைச்சேன்!"

ஆறுமுகத்தின் லாரி

இந்த ஆளைப் பற்றிச் சொல்லத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். ஆறுமுகம், கிளாக்கர் ஐயாவின் தோட்டத்துக் கொழுந்து லாரி டிரைவர். பறித்த கொழுந்தை மேல் டிவிஷனிலிருந்து ஃபெக்டரிக்கு இறக்குவது அவர் வேலை. பாதி வழி பொதுப் பாதை. அங்கே நின்ற போலீஸ் ராலஹாமி, பின்விளக்கு எரியவில்லை என்று இரண்டு தரம் கேஸ் எழுதிவிட்டார். இன்னொரு தரம் என்றால் லாரியும் போகும், டிரைவர் குவாட்டர்ஸும் போகும் என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லிவிட்டார்.

இரண்டு தரமும் நான்தான் விளக்கைச் சரிசெய்தேன். அடி ஓட்டையில் மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. மலைப் பாதைச் சேறு என்று குத்தி எடுத்துவிட்டேன். மாதம் முடியுமுன் மறுபடி உள்ளே தண்ணீர், மறுபடி துரு. எனக்கு எரிச்சல். "ஆத்துல எறக்கிக் கழுவுறீங்களாண்ணே?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை, முகம்தான் வாடிப்போனது. குவாட்டர்ஸ் கிடைக்குமுன் அண்ணன் குடும்பத்தோடு ஒரே லயத்துக் காம்பராவில், நடுவில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு இருந்தவர்கள். "லாரி போனா மம்பட்டி புடிச்சுப் பொழைச்சுக்கிடுவேன் பாஸ். அந்தக் காம்பராவுக்குத் திரும்பிப் போகணும்னா எம் பொண்டாட்டி பாக்கியம் தாங்கமாட்டா."

பனியில் நின்ற ஜீப்

பின்னேரம் நாலு மணிக்கே பனி இறங்கிப் பாதையை மூடிவிட்ட ஒரு நாள். மதகு வளைவில் மண் சரிந்து கிடக்க, ஆறுமுகம் லாரியை நிறுத்தினார். பின்னால் கொழுந்துச் சாக்குகளின் மேல் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தொரையின் ஜீப் பின்னாலேயே வந்தது. லாரியின் பின்விளக்கு இரண்டும் செத்துக் கிடந்ததால், முன்னால் ஒரு வண்டி நிற்பதே அவருக்குத் தெரியவில்லை. கடைசி நேரத்தில் சாக்கின் வெள்ளை கண்ணில் பட்டு பிரேக்கை மிதித்தார். ஜீப் வழுக்கிக்கொண்டே வந்து லாரிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

சாக்கின் மேல் இருந்தவர்களில் ஒருத்தி பிறகு என் கடைக்கு வந்தபோது இதைச் சொன்னாள். தொரை சிங்களவர், ஆனால் எல்லாத் தொரைமாரையும்போல் தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். இறங்கி வந்து விளக்கைத் தட்டிப் பார்த்தாராம். லாரியை ஆறுமுகத்தின் வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லி, அங்கே வைத்துச் சாவிக்குக் கையை நீட்டினாராம். "ஒரு வெளக்கப் பாத்துக்க முடியாதவனுக்கு எதுக்கு லாரி?"

வெள்ளிக்கிழமைச் சந்தனம்

விளக்கைப் பார்த்து, யார் குற்றம் என்று வந்து சொல்லும்படி ஆபீஸிலிருந்து எனக்கு ஆள் வந்தது. முதல் பஸ்ஸில் மேலே போனேன். அன்று வெள்ளிக்கிழமை. பாக்கியம் தலைமுழுகிவிட்டு, பித்தளைக் கிண்ணத்தில் சந்தனத்தோடு லாரியைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். சாவி கையில் இல்லாவிட்டாலும் லாரிக்குப் பொட்டு வைக்காமல் விடுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. முன்னால் வைத்தாள். கதவில் வைத்தாள். பிறகு பின்னால் வந்து, விளக்கு இரண்டின் அடி விளிம்பிலும் ஒவ்வோர் உருண்டையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். நேரே அந்த ஓட்டையின் மேல்.

"ஏம்மா அந்த எடத்துல வைக்கிறீங்க?" என்றேன். "கண்ணாடியில வச்சா வெளிச்சம் மறையும்னு அவரு சொன்னாருங்க. அதான் அடியில வைக்கிறேன். கேஸ் எழுதுனதுக்கப்புறம் விழுந்துறாம நல்லா அழுத்தி வைக்கிறேங்க" என்றாள். ஊசியால் குத்திச் சந்தனத்தை எடுத்தேன். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் மஞ்சளாகச் சொட்டியது. அது நிற்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். இத்தனை நாள் அந்த விளக்கின் மேல் நான் பட்ட எரிச்சலெல்லாம் போய், நெஞ்சில் பாரம் ஏறியது. ஆறுமுகம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொரைகிட்ட அவ பேரச் சொல்லிறாதீங்க பாஸ். சேறுன்னு சொல்லுங்க. நான் ஒழுங்காக் கழுவலன்னு ஒத்துக்கிறேன்."

ஆபீஸ் வாசலில்

தொரை வராந்தாவில் நின்றார். நானும் ஆறுமுகமும் படிக்குக் கீழே. "என்ன பாஸ், என்ன கோளாறு?" தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்திருந்தது என்றேன். "எதால அடைச்சது?" சேறு என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் எங்களுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பாக்கியம் மழையில் நனைந்துகொண்டு நின்றாள். "நான் வச்ச சந்தனங்க தொரை. அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. லாரியக் குடுக்காட்டியும் பரவாயில்லீங்க, அவர கவனமில்லாத ஆளுன்னு மட்டும் சொல்லாதீங்க."

தொரை அவளையும் பார்த்தார், மழையையும் பார்த்தார். திங்கட்கிழமை சாவியை வாங்கிக்கொள்ளும்படி ஆறுமுகத்திடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீஸிலிருந்து இறங்கி வந்த பெரிய கிளாக்கர் என் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னார்: "ரொம்ப உருகாதீங்க பாஸ். இந்த மழையில மதகு வளைவுல லாரி எறக்க வேற ஆள் இல்ல."

சாவி திரும்பிய நாள்

திங்கட்கிழமை காலையில் விளக்கு இரண்டையும் மாட்டிக் கொடுக்க மறுபடி மேலே போனேன். ஆறுமுகம் கையில் சாவி இருந்தது, ஆனால் ஏறவில்லை. மேல் டிவிஷனில் எடை போட்ட கொழுந்து சாக்கில் வெந்துகொண்டிருக்கும், அந்த அவசரம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாக்கியம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் மாரியாத்தா படத்துக்கும் விளக்கேற்றவில்லையாம். "மூணு உசுரு போகப் பாத்துச்சு இந்தக் கையால. இனிமே இதால எதுக்கும் பொட்டு வைக்கமாட்டேன்" என்றாள். பின்னால் இருந்த இரண்டு பெண்களையும் புருஷனையும் சேர்த்துத்தான் அவள் சொன்னாள்.

ஆறுமுகம் சாவியை இடுப்பில் செருகினார். பிறகு உள்ளே போய்ச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் குந்தினார். ஒரு வண்டிக்காரன் பெண்டாட்டியிடம் அத்தனை தணிந்து பேசி நான் கேட்டதில்லை. "வெளக்கு அணைஞ்சது ஒன் சந்தனத்தாலன்னா, ஜீப்பு ஒரு மொழத்துல நின்னது யாரால? அதையும் ஒன் கைதான் செஞ்சுது. எந்திரிச்சு வா, நம்பர் பிளேட்டுல வை."

அவள் அழுதுகொண்டே வந்து வைத்தாள். அந்த மழைக்காலம் முழுக்க அந்த லாரி விளக்கில் ஒரு சொட்டு ஈரம் சேரவில்லை, அதற்கான பேரெல்லாம் மாரியாத்தாவுக்குப் போனது, சேர்ந்திருந்தால் மட்டும் பழி நேரே என் கடைக்கு வந்திருக்கும்.