தாய்மாமன் வாங்கிய பாராகார்டு

போன வருடம் என் தம்பிக்குக் கயிற்றுப் பித்து பிடித்தது. திருப்பதிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வேலை செய்கிறவர்களோடு அருவிக்குப் போனவன், அங்கே ஒருவர் கையில் பாராகார்டு என்கிற கயிற்றில் பின்னிய காப்பைப் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான். அடுத்த வாரமே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டுக் கயிறு தபாலில் வந்தது. என் வீட்டுக்காரர் வண்டிச் சாவிக்கு ஒரு பின்னல், என் தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு பிடி, மாமியாரின் மருந்துப் பைக்கு ஒரு வார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் பின்னிக் கொடுத்தான்.

"பாராசூட்ல கட்ற கயிறுக்கா இது. உள்ள ஏழு இழை கீது. எரநூத்தம்பது கிலோ தாங்கும்" என்றான்.

நான் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவள். இழை என்று யாராவது சொன்னால் பிரித்துப் பார்க்காமல் கை சும்மா இருக்காது. ஒரு முனையை வெட்டி மேலுறையைத் தள்ளினேன். உள்ளே ஏழும் இல்லை, எட்டும் இல்லை; வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரி ஒரு கொத்து. துண்டைச் சொம்புத் தண்ணீரில் போட்டேன். மிதந்தது.

"நைலானா இருந்தா முழுகும்டா. இது சாக்குப் பை பிளாஸ்டிக்கு."

"நீ சேலை நூலைப் பாத்தவ. இதப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்று முறைத்துக்கொண்டு போனான்.  பிறகு சத்தமில்லாமல் வேறு கயிறு வரவழைத்தான். அதைப் பிரித்தபோது முறுக்கின ஏழு இழை ஒழுங்காக இருந்தது. நல்ல நைலான். நானே ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதுதான் தப்பு.

என் மகளுக்குக் காது குத்துவதற்கு பாலசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போக நாள் பார்த்தோம். என் வீட்டுக்காரர் சாமியானா போடுகிறவருக்குப் போன் செய்யப் போனார். தம்பி போனைப் பிடுங்காத குறை.

"மாமா, சாமியானா எதுக்கு? தார்பாய் நம்ம கிட்ட கீது, கயிறு நம்ம கிட்ட கீது. நான் பாத்துக்கறேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன். சீர்வரிசை தூக்கி வருகிறவன். அவன் மனம் கோணக் கூடாது என்று மாமியார் வேறு கண்ணைக் காட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

காது குத்தும் நாளன்று காலையிலேயே வானம் மூடிக்கொண்டிருந்தது. கோயில் முன்னால் நான்கு புளியமரங்களுக்கு நடுவில் தார்பாயைக் கட்டினான். கயிற்றைத் தட்டினால் தந்தி மாதிரி அதிர்ந்தது. கட்டில் பலகை மாதிரி நாலா பக்கமும் ஒரே மட்டம்.

"ஒரு பக்கம் தாழ்த்திக் கட்டுடா, தண்ணி ஓடணும். நைலான் நனைஞ்சா தொங்கிப் பூடும். வீட்ல கொடிக் கயிறப் பாத்ததில்ல?"

"அக்கா, இது கொடிக் கயிறு இல்ல. எரநூத்தம்பது கிலோ..."

"கிலோவ நான் கேக்கல!"

"நல்ல நாளும் அதுவுமா ஏன் கத்திக்கினு கீற?" என்றார் மாமியார்.

ஆசாரி வந்தார். தம்பி சம்மணம் போட்டு உட்கார, மகளை அவன் மடியில் வைத்தோம். வலது காது முடிந்தது. அவள் போட்ட சத்தத்தில் மழை தொடங்கியதே எங்களுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். விறைப்பாக நின்ற கயிறுகள் நான்கும் நெளிந்திருந்தன. தார்பாயின் நடுவில், சரியாகத் தம்பி தலைக்கு மேலே, சினை எருமை வயிறு மாதிரி தண்ணீர் தொங்கியது.

"எழுந்திரிடா!"

"கதலொத்து, கதலொத்து!" என்று தெலுங்கில் அதட்டினார் ஆசாரி. அசையக் கூடாதாம். இன்னொரு காதில் ஊசி பாதி இறங்கியிருந்தது. தம்பி மேலேயும் பார்க்க முடியாமல், எழுந்திருக்கவும் முடியாமல், பிள்ளையின் தலையை மார்போடு பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டினான். என் வீட்டுக்காரர் ஒரு கழியை எடுத்துவந்து அடியிலிருந்து தார்பாயைத் தூக்கிப் பிடித்தார். 

நான் மரத்தடிக்கு ஓடினேன். அவன் வீடியோ பார்த்துப் போட்ட முடிச்சு. நனைந்து இறுகிக் கல்லாகிவிட்டது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். தேங்காய் உடைக்க வைத்திருந்த கத்தியை எடுத்து, அந்த மூலைக் கயிற்றை அறுத்தேன்.

மூலை இறங்கியது. தண்ணீர் முழுவதும் ஒரே பாய்ச்சலாக அந்தப் பக்கம் சரிந்து, அங்கே ஓரமாய்க் கழியோடு நின்ற என் வீட்டுக்காரர் மேல் கொட்டியது. புதுச் சட்டை, வேட்டி, சந்தனப் பொட்டு எல்லாம் போயிற்று. அப்போதும் மனுஷன் கழியை விடவில்லை. மகள் அழுகையை நிறுத்தி அப்பாவை ஒரு நொடி பார்த்தாள். பிறகு கெக்கெக்கே என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஆசாரி கம்மலுக்குத் திருகைப் போட்டு முடித்துவிட்டார்.

மூச்சு வந்தது எனக்கு. பிள்ளையைத் தூக்கிக்கொள்ளத் திரும்பினேன். தம்பி அதற்குள் எழுந்து, அறுந்த கயிற்றைக் கையில் எடுத்துத் தடவிக்கொண்டிருந்தான்.

"புதுக் கயிறுக்கா. அவுத்திருக்கலாம் இல்ல?"

எனக்குக் கோபம் பொங்கியது; அந்தக் கத்தி இன்னும் கையில் இருந்தது என்பதை மாமியார்தான் கவனித்தார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"உன் தலையில கொட்டி இருக்கணும்டா. தெரியாத்தனமா அவரு மேல கொட்ட வுட்டேன்" என்றேன். கூடவே வந்தது அழுகையா சிரிப்பா, எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் அவன் முகம் விழுந்தது. மாமாவிடம் போய்த் துண்டை நீட்டினான். அவர் வாங்கித் தலையைத் துடைத்துக்கொண்டே, "கயிறு தானா அறுவல பாத்தியா. நீ சொன்ன மாரியே நல்ல கயிறுதான்" என்றார். கிண்டலா, நிஜமா என்று இன்றுவரை தெரியாது.

அறுந்த துண்டுகளை நான்தான் எடுத்துவந்தேன். நெருப்பில் முனையைக் காட்டி அடைத்து, தறி மோட்டாரின் மூடியை அதில் இழுத்துக் கட்டியிருக்கிறேன். அசையவே இல்லை. இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் நூறு அடிக் கயிறு வாங்கிவிடுவான்.

காது குத்திய மறுநாள் அவன் போனில் ஒரு படம் போட்டிருந்தான். மழைக்கு முன்னால் எடுத்தது. தார்பாய் சிக்கென்று நிற்கிறது, பக்கத்தில் இவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். கீழே வரிசையாக எல்லோரும் அது எந்தக் கயிறு, எங்கே வாங்கினாய் என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தான்.